பீட்டர் ஹாமில்: குழுவுக்காக எழுதியவரும் தனக்காக எழுதியவரும் ஒருவர்தானா?

நெடும்பாடல் விரும்பி:

அனைவருக்கும் வணக்கம். வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர் என்ற ஆங்கிலேய ராக் இசைக்குழுவின் 'பான் ஹார்ட்ஸ்' (1971) இசைத்தட்டைச் சில மாதங்களாகத் தொடர்ந்து கேட்டு வருகிறேன். அதன் இரண்டாம் பக்கம் முழுவதையும் நிறைக்கும், ஏறத்தாழ 23 நிமிடம் நீளும் 'எ பிளேக் ஆஃப் லைட்ஹவுஸ் கீப்பர்ஸ்' பாடல் என்னை விடுவதாக இல்லை. அதை எழுதிப் பாடிய பீட்டர் ஹாமில் தனியாக வெளியிட்ட 'ஓவர்' (1977) தொகுப்பை அண்மையில் கேட்டபோது திகைத்துப் போனேன். அதில் கலங்கரை விளக்கமும் இல்லை, கப்பல்களும் இல்லை. காதலி பிரிந்து சென்ற ஒருவர் தன் வீட்டுக்குள்ளிருந்து பாடுகிறார், அவ்வளவுதான். இடைப்பட்ட ஆண்டுகளில் அவருடைய எழுத்து இவ்வளவு மாறியது எதனால்? உச்சத்தில் இருந்த குழு 1972இல் கலைந்ததும் இதற்கு ஒரு காரணமா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஆர்கன் அன்பர்:

நண்பரே, எழுத்து மாறியது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த நெடும்பாடலை மீண்டும் ஒருமுறை, இசையைச் சற்று ஒதுக்கிவிட்டுச் சொற்களை மட்டும் பின்தொடர்ந்து கேட்டுப் பாருங்கள். கண்ணெதிரே கப்பல்கள் உடைந்து மனிதர்கள் மடிவதைப் பார்த்தும் ஒருவரையும் காப்பாற்ற முடியாத ஒரு காவலாளி, குற்றவுணர்வில் தன்னோடு தானே பேசிக் கொள்கிறான். பத்துப் பகுதிகள் கொண்ட அந்தப் பாட்டில் அவனைத் தவிர வேறு பாத்திரமே கிடையாது. தனித்து விடப்பட்ட மனம் என்பதுதான் தொடக்கம் முதலே ஹாமிலின் பொருள். ஹியூ பேன்டனின் ஆர்கனும், ஒரே நேரத்தில் இரண்டு சாக்ஸஃபோன்களை வாயில் வைத்து ஊதும் டேவிட் ஜாக்சனும், கை எவான்ஸின் டிரம்ஸும் அந்த மனத்தைச் சுற்றிக் கடலாக எழுந்து நிற்கின்றன. 'ஓவர்' தொகுப்பில் அந்தக் கடல் வடிந்துவிட்டது. ஆள் அதே ஆள்தான்.

இனி வரலாற்றுக்கு வருகிறேன். ஹாமில் 1948 நவம்பர் 5 அன்று லண்டனின் ஈலிங் பகுதியில் பிறந்தவர். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் படித்தபோது, 1967இல், கிறிஸ் ஜட்ஜ் ஸ்மித்துடன் சேர்ந்து இக்குழுவைத் தொடங்கினார். 'தி ஏரோசால் கிரே மெஷின்' (1969) உண்மையில் அவருடைய தனித் தொகுப்பாகவே பதிவு செய்யப்பட்டது. மெர்க்குரி இசைத்தட்டு நிறுவனத்தோடு செய்திருந்த ஒப்பந்தத்திலிருந்து விடுபடுவதற்காகவே அது குழுவின் பெயரில் வெளிவந்தது. தனி எழுத்தும் குழு எழுத்தும் அப்போதே ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

குழு கலைந்ததற்குக் காரணம் களைப்பும் பணமுடையுமே. இத்தாலியில் 'பான் ஹார்ட்ஸ்' விற்பனைப் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தது. ஆனால் சொந்த நாட்டில் அதற்கு இணையான வரவேற்பு கிடைக்கவில்லை. ஓய்வில்லாத இத்தாலியப் பயணங்கள் அவர்களை 1972இல் முற்றிலும் சோர்வடையச் செய்தன. பிரிந்த பிறகும் ஹாமிலின் தனித் தொகுப்புகளில் அதே நண்பர்கள் வாசித்தார்கள். மனக்கசப்பில் உடைந்திருந்தால் அது நடந்திருக்காது.

இரவு வானொலி:

மேலே உள்ள விளக்கத்தோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் நடுவில் ஒரு பெரிய திருப்பத்தைத் தாண்டிச் சென்றுவிட்டீர்கள். 1975இல் வெளியான 'நாதிர்ஸ் பிக் சான்ஸ்' தொகுப்பில், ரிக்கி நாதிர் என்ற கற்பனை இளைஞனாகத் தன்னை மாற்றிக் கொண்டு, மூன்று நிமிட முரட்டுப் பாடல்களை ஹாமில் பாடினார். பங்க் இசை (எளிய, முரட்டுத்தனமான, கலக மனம் கொண்ட ராக்) என்ற பெயர் இங்கிலாந்தில் பரவுவதற்கு முன்பே வந்த தொகுப்பு அது. செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழுவின் பாடகர் ஜான் லைடன், 1977இல் கேப்பிடல் வானொலியில் தமக்குப் பிடித்த இசையை ஒலிக்கச் செய்தபோது, இத்தொகுப்பிலிருந்து இரண்டு பாடல்களைத் தேர்ந்தெடுத்தார். வான் டெர் கிராஃப் போன்ற குழுக்களின் நீண்ட, சிக்கலான ப்ரோக்ரசிவ் ராக் இசை முழுவதையும் பங்க் தலைமுறை வெறுத்தது என்று திரும்பத் திரும்ப எழுதுபவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக் கொள்ள வேண்டும்.

வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்யும் பழக்கமும் அந்த ஆண்டுகளில்தான் வேரூன்றியது. 'இன் கேமரா' (1974) தொகுப்பின் பெரும்பகுதி, வீட்டில் வைத்திருந்த நான்கு தடப் பதிவுக் கருவியில் உருவானது. பின்னாளில், 1992 முதல், ஃபை என்ற சொந்த நிறுவனத்தின் வழியாகத் தொகுப்புகளை வெளியிட்டார். யாருடைய அனுமதிக்கும் காத்திருக்காமல் ஐம்பது ஆண்டுகள் எழுத முடிந்ததற்கு இந்த ஏற்பாடு மிக முக்கியமான காரணம் என்று கருதுகிறேன்.

நெடும்பாடல் விரும்பி:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. 'ஓவர்' தொகுப்பில் உள்ள 'ஆட்டம்' (Autumn, இலையுதிர் காலம்) பாடல் மட்டும் பிரிவைப் பற்றியதாகத் தோன்றவில்லையே? அது எப்படி அங்கு இடம்பெற்றது?

ஆர்கன் அன்பர்:

நல்ல கேள்வி. பிள்ளைகள் வளர்ந்து வீட்டை விட்டுப் போன பிறகு, அந்த வீட்டில் மிஞ்சியிருக்கும் பெற்றோரின் குரலில் அமைந்த பாடல் அது. இத்தனை ஆண்டுகள் வாழ்ந்தது எதற்காக என்று முதுமையின் வாசலில் நின்று கேட்கும் அந்த வரிகளை எழுதியபோது ஹாமிலுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. காதலி பிரிந்த வீட்டிலிருந்து பிள்ளைகள் பிரிந்த வீட்டுக்கு அவர் கற்பனை நகர்ந்திருக்கிறது. அதனால் அந்தப் பாடல் அங்கே பொருந்தித்தான் நிற்கிறது. தன் துயரத்தை எழுதிக் கொண்டிருக்கும்போதே இன்னொருவருடைய துயரத்துக்குள் நுழைந்துவிடும் இந்த ஆற்றலுக்காகவே நான் அவரைப் பெரிதும் மதிக்கிறேன்.

அடுத்து 'காட்பிளஃப்' (1975) கேளுங்கள். குழு மீண்டும் கூடிய பிறகு வந்த முதல் தொகுப்பு அது; நான்கே பாடல்கள். முதல் பாடல் புல்லாங்குழலும் ஏறக்குறைய முணுமுணுப்பாக ஒலிக்கும் குரலுமாகத் தொடங்கிப் படிப்படியாக உயர்வதை, விளக்கை அணைத்துவிட்டு ஒரே மூச்சில் கேட்க வேண்டும். அதன் பிறகு 'ஸ்டில் லைஃப்' (1976). சாவே இல்லாமல் போனால் மனித வாழ்வு என்னவாகும் என்று அதன் தலைப்புப் பாடல் கேட்கிறது. 2003 டிசம்பரில் ஹாமிலுக்கு மாரடைப்பு ஏற்பட்டது. அதிலிருந்து மீண்டு, 2005 மே மாதம் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் பழைய நண்பர்கள் மூவருடனும் அவர் மேடையேறினார். பின்னர் ஜாக்சன் விலகிவிட, எஞ்சிய மூவரும் 'டிரைசெக்டர்' (2008) முதல் மூவர் குழுவாகவே பதிவு செய்து வந்திருக்கிறார்கள். சாக்ஸஃபோன் இல்லாத அந்தத் தொகுப்பைக் கடைசியாக வைத்துக் கொள்ளுங்கள்.