ஆயிரம் பிறை – மன்னார்குடி குடும்பம்

கார்த்தி: 📷
கார்த்தி: பரண்ல தகரப் பெட்டிக்குள்ள இது கிடந்துச்சு. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெருசு. "டிடிஎஸ்-3, 125 மீ, 12/24 ஜிபி"ன்னு போட்டிருக்கு. பேனால "கல்யாண ஆல்பம் 1999"

மாலா: டிடிஎஸ்னா தியேட்டர்ல போடுவானே அதா

திவ்யா: 😂😂 அம்மா

சாந்தி: பரண்ல ஏறாதேன்னு சொன்னேனா இல்லையா. ஏணி ஆடுது

மாலா: 1999ல யாருக்குடா கல்யாணம்

ரவி: என் கையெழுத்துதான்!! அப்பா அம்மா கல்யாண ஆல்பத்தை 1999ல முழுசா ஸ்கேன் பண்ணி டேப்ல ஏத்தினேன் அக்கா. பேக்கப்னா வேற இடத்துல இருக்கணும்னு அண்ணன் வீட்டுல குடுத்து வச்சேன்.

மாலா: அப்ப ஆயிரம் பிறை அழைப்புப் பத்திரிகைக்குப் போட்டோ கிடைச்சாச்சு 🙏🙏

செல்வம்: ஆல்பம் 2015 வெள்ளத்தோட போச்சு. பரண்ல இருந்ததால இது தப்பிச்சுது

ரவி: ஆல்பத்தைக் கீழ் போர்ஷன்ல வைக்காதீங்கன்னு அன்னிக்கே சொன்னேன் அண்ணே

செல்வம்: அதை இப்ப ஏன் எடுக்கறே

மாலா: விடுங்கடா ரெண்டு பேரும்

கார்த்தி: சித்தப்பா, தாத்தாவோட டேப் ரெக்கார்டர்ல போட்டுப் பாக்கட்டா

ரவி: ஐயோ வேணாம்!
ரவி: இது பாட்டு கேசட் இல்ல கார்த்தி. 4 மிமீ நாடா. பாட்டு பதியற டேட்டுக்கு (டிஜிட்டல் ஆடியோ டேப்) வந்ததை 1989ல சோனியும் ஹெச்பியும் கம்ப்யூட்டர் பேக்கப்புக்குத் திருப்பினாங்க, அதுதான் டிடிஎஸ், டிஜிட்டல் டேட்டா ஸ்டோரேஜ். டேப்பை ஓட்டற டிரைவுக்குள்ள, எழுதற ஹெட் ஒரு உருளைல சுத்திக்கிட்டே நாடா மேல சாய்வா கோடு கோடா எழுதும். ஹெலிகல் ஸ்கேன்னு பேரு. 12/24னா கொள்றது 12 ஜிபிதான். 24ங்கறது பாதியா சுருங்கும்னு நம்பிப் போட்ட கணக்கு. நம்ம ஜேபெக் படம் ஏற்கெனவே சுருங்கினது, இன்னும் சுருங்காது. இருந்தாலும் ஆல்பம் அதுல ஒரு மூலைதான்.

சாந்தி: 👍

மாலா: சரி போட்டோ எப்ப வரும். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும்

ரவி: அங்கதான் இடிக்குது. டேப் இருக்கு, டிரைவ் இல்ல. எல்டிஓங்கற புது வகை டேப் வந்ததும் எங்க பேங்க்ல இருந்த டிடிஎஸ் டிரைவெல்லாம் காயலான் கடைக்குப் போச்சு. எங்கயாவது கிடைச்சாலும் கம்ப்யூட்டர்ல இணைக்கப் பழைய ஸ்கஸி கார்டு, 68 பின் கேபிள்னு தேடணும். டிடிஎஸ்-4க்கு அடுத்து வந்த டேட்-72 டிரைவ்ல யுஎஸ்பி மாடல் உண்டு, நம்ம டேப்பைப் படிக்கும், அதைக் கேளு. அதுக்கும் அடுத்த டேட்-160 மலிவா வருதுன்னு வாங்கிடாதே. அது டிடிஎஸ்-4ஓட நின்னுடும், நம்ம 3ஐப் படிக்காது.

திவ்யா: ரிச்சி ஸ்ட்ரீட்ல கேளு கார்த்தி
திவ்யா: ஆனா மாமா, இப்பல்லாம் யாரு டேப் வச்சிருக்கா. எல்லாம் க்ளவுட்தானே

ரவி: 2011ல ஜிமெயில்ல சில பேருக்கு மெயிலெல்லாம் காணாமப் போச்சே, கூகுள்காரன் எதுலேருந்து எடுத்துக் குடுத்தான்? டேப்லேருந்து. இன்னிக்கு எல்டிஓ-9 ஒரு கார்ட்ரிட்ஜ்ல 18 டிபி கொள்ளும்மா

செல்வம்: வகுப்பு ஆரம்பிச்சாச்சு

சாந்தி: திருக்கடையூர்ல ரூம் யாரு போட்டீங்க

மாலா: ரவி போடறேன்னான்

ரவி: நானா? அண்ணன்னு நினைச்சேன்

செல்வம்: மன்னார்குடி வீடு வித்த கணக்கு மாதிரிதான் இதுவும்

மாலா: செல்வம்!!

சாந்தி: அப்பாவால மாடி ஏற முடியாது. கீழ் ரூமா பாருங்க

கார்த்தி: சித்தப்பா, எந்த சாஃப்ட்வேர்ல ஏத்தினீங்க, என்டி பேக்கப்பா, டாரா?

ரவி: கேட்டான் பாரு கேள்வி! டார்தான், லினக்ஸ்ல பிரிச்சிடலாம். முதல்ல கார்ட்ரிட்ஜ் ஓரத்துல இருக்கற சின்னத் தாழைத் தள்ளி ஓட்டையைத் திறந்து வை, அப்பதான் மேல எழுதாது. அப்புறம் முழு டேப்பையும் ஒரே ஓட்டத்துல டிஸ்குக்கு இழுத்துடணும். கம்ப்யூட்டர் தயங்கித் தயங்கி வாங்கினா டிரைவ் நாடாவை முன்னயும் பின்னயும் போட்டுத் தேய்க்கும். ஷூ ஷைனிங்னு சொல்லுவோம். இத்தனை வருஷ நாடா தாங்காது.

செல்வம்: பேங்க் டேப்ல வீட்டு ஆல்பமா

ரவி: டேப் என் காசு அண்ணே. டிரைவ்தான் பேங்கோடது

செல்வம்: 🙂

மாலா: குடவாசல் சித்திகிட்ட ஒரு கல்யாண போட்டோ இருக்கும். யாராவது கேளுங்க

சாந்தி: நீங்களே கேளுங்க அண்ணி

மாலா: நான் அவங்ககூடப் பேசறதில்லன்னு தெரியாதா

திவ்யா: அறுபதாம் கல்யாண போட்டோவே போட்டுடலாமே

செல்வம்: அதுல ரவி கண்ணை மூடிட்டு நிப்பான்

கார்த்தி: ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒருத்தர்கிட்ட டேட்-72 இருக்காம். ஓடும்னு உத்தரவாதம் இல்லையாம். வாங்கட்டா?

ரவி: ஹெட் சுத்தம் பண்ற கார்ட்ரிட்ஜும் சேத்துக் கேளு

செல்வம்: யார் காசுல

மாலா: முதல்ல ரூம் யாரு போடறீங்க, அதைச் சொல்லுங்கடா