டிவிடி படிக்கல, பென்டிரைவ் எழும்பல: ஆறு பழைய கணினியில் லினக்ஸ் ஏற்ற எது வழி?

தோட்டத்துப் பையன்:
சுங்கை சிப்புட் டவுனில் பிள்ளைகளுக்கு ஒரு நூலக அறை தயாராகுது. எஸ்டேட் ஆபீஸ்ல கழிச்ச ஆறு டெஸ்க்டாப்பை கொடுத்திருக்காங்க. எல்லாமே கோர் 2 டியோ, 2 ஜிபி ரேம், 3.5 இன்ச் சாட்டா ஹார்ட்டிஸ்க். டிவிடி டிரைவ் தட்டு வெளியே வருது, ஆனா எந்த டிவிடியையும் படிக்கல. பென்டிரைவ் போட்டா அதைக் கண்டுக்கவே மாட்டேங்குது. நாலு மெஷின்ல பழைய விண்டோஸ் 7 இன்னும் எழும்புது, ரெண்டுல டிஸ்க் காலி. கையில இருக்கறது டெபியன் லினக்ஸ் போட்ட ஒரு லேப்டாப், நாலு போர்ட் ரௌட்டர், நாலு லேன் கேபிள். ஆறிலயும் டெபியன் ஏத்தணும். எது நல்ல வழி?

பழைய கிராணி:
தம்பி, சுத்தி வளைக்க வேண்டாம். டிஸ்கைக் கழற்றி லேப்டாப்பில் மாட்டுங்க, அங்கேயே ஏற்றுங்க, திரும்ப மாட்டுங்க. முடிஞ்சது.

வயர் வாங்கும்போது மட்டும் கவனம். கடையில் தொங்குற மெல்லிய யூஎஸ்பி-சாட்டா வயர் 2.5 இன்ச் டிஸ்க்குக்குத்தான், அது 5 வோல்ட் மட்டும் கொடுக்கும். உங்க டிஸ்க்கோட மோட்டாருக்கு 12 வோல்ட் வேணும். தனி அடாப்டரோட வர்ற 12 வோல்ட் 2 ஆம்பியர் வகையைக் கேட்டு வாங்குங்க. இல்லேன்னா டிஸ்க் சுத்தாது, நல்ல டிஸ்கைச் செத்துப்போச்சுன்னு தூக்கிப் போட்டுடுவீங்க.

ஈப்போ வயர்:
ஒரு மெஷின்னா ஐயா சொல்றதுதான் வழி, ஒத்துக்கறேன். ஆனா இங்கே ஆறு இருக்கு. ஆறு பெட்டியையும் திறந்து, இருபது வருஷத்துக்குக் கிட்ட ஆன சாட்டா முனைகளை இழுத்துப் பிடுங்கி, உடையற பிளாஸ்டிக் கொக்கியோட மல்லுக்கட்டி... எதுக்கு? அந்தக் காலத்து ஆபீஸ் மெஷின் பெரும்பாலானதுல நெட்வொர்க் பூட் (லேன் கேபிள் வழியா எழும்பற வசதி) உண்டு. பெட்டியைத் தொடாமலே ஏத்தலாம்.

தம்பி, ஆன் பண்ணி எஃப்12 அழுத்துங்க. வர்ற பட்டியலில் என்னென்ன இருக்குன்னு சொல்லுங்க.

செம்பனை அக்கா:
அதுக்கு முன்னாடி பென்டிரைவ் ஏன் எழும்பலன்னு பார்க்க மாட்டீங்களா? பாதி நேரம் கோளாறு அங்கேதான். ஐஎஸ்ஓவை (இன்ஸ்டால் டிஸ்க்கோட முழு நகல்) ஃபைலா காப்பி பண்ணினா எழும்பாது, முழு டிரைவுக்கும் எழுதணும். எஸ்டிபி1-க்கு இல்ல, எஸ்டிபிக்கு. லினக்ஸ்ல எஸ்டிபின்னா முழு டிரைவ், எஸ்டிபி1 அதுல ஒரு பகுதி (பார்ட்டிஷன்). முன்பக்க போர்ட்டை விட்டுட்டு பின்பக்கத்துல செருகிப் பாருங்க. அப்புறம், அந்தக் காலத்து பயோஸ் (ஆன் பண்ணினதும் முதல்ல ஓடற உள் நிரல்) பலதும் பென்டிரைவை யூஎஸ்பின்னு தனியா காட்டாது. ஹார்ட்டிஸ்க் வரிசைக்குள்ளே ஒளிச்சு வச்சிருக்கும், உள்ளே போய் அதை முதல் இடத்துக்கு ஏத்தணும்.

போலி பென்டிரைவும் இருக்கலாம். எஃப்3ங்கிற சோதனை நிரலை லேப்டாப்ல ஓட்டிப் பாருங்க. 64 ஜிபின்னு எழுதி 8 ஜிபி சில்லு வச்சு விக்கிறாங்க.

ஈப்போ வயர்:
அக்கா, கடைசிப் பாயிண்ட் மட்டும் இங்கே பொருந்தாது. டெபியன் நெட்இன்ஸ்ட் (மீதியை இணையத்திலிருந்து இழுக்கற சின்ன இன்ஸ்டாலர்) ஐஎஸ்ஓ 1 ஜிபிக்குள்ளதான். போலி டிரைவ்ல முதல் சில ஜிபி உண்மையான சில்லுதான், அதுக்கு அப்புறம் எழுதறதுதான் காணாமப் போகும். அதனால போலியா இருந்தாலும் நெட்இன்ஸ்ட் எழும்பணும்.

தோட்டத்துப் பையன்:
பின்பக்க போர்ட், முழு டிரைவுக்கும் எழுதறது ரெண்டும் செஞ்சாச்சு அக்கா, அதே பென்டிரைவ் லேப்டாப்ல எழும்புது. எஃப்12ல ரெண்டே வரிதான் வருது: ஹார்ட்டிஸ்க், ஆன்போர்ட் நெட்வொர்க். யூஎஸ்பியே இல்ல. பயோஸ் உள்ளே போனா பாஸ்வேர்ட் கேக்குது. ஆபீஸ்ல யாருக்கும் தெரியல.

பழைய கிராணி:
அப்போ யூஎஸ்பி பூட்டை யாரோ வேணும்னே அடைச்சு வச்சிருக்காங்க. சம்பளக் கணக்கு இருக்கற மெஷினுக்கு அப்படித்தான் செய்வாங்க. மதர்போர்டில் பாஸ்வேர்ட் ஜம்பர் (ரெண்டு ஊசியை இணைக்கற சின்ன மூடி) இருக்கும், பக்கத்திலேயே சின்ன எழுத்துல போட்டிருக்கும். பவர் வயரைப் பிடுங்கிட்டு ஜம்பரைக் கழற்றி, ஒருமுறை ஆன் பண்ணி அணைச்சு, திரும்ப மாட்டணும். பட்டன் பேட்டரியைக் கழற்றினா போதும்னு சிலர் சொல்வாங்க. பல ஆபீஸ் மெஷின்ல பாஸ்வேர்ட் தனிச் சில்லுல இருக்கு, பேட்டரி போனாலும் அழியாது.

எப்படியும் பெட்டியைத் திறக்கப் போறீங்க. அப்புறம் டிஸ்கைக் கழற்ற என்ன தயக்கம்?

ஈப்போ வயர்:
திறக்கவே வேணாம் ஐயா! நெட்வொர்க் வரி கண்ணு முன்னாடி இருக்கே.

தம்பி, லேப்டாப்ல டிஎன்எஸ்மாஸ்க்ங்கிற சின்ன நெட்வொர்க் சர்வர் நிரலைப் போடுங்க. டெபியன் நெட்பூட் தார் ஃபைலை இறக்கி ஒரு ஃபோல்டர்ல பிரிச்சு வைங்க. கெர்னலும் (லினக்ஸோட மையம்), இனிட்ஆர்டியும் (எழும்பும்போது ரேம்ல ஏறுற குட்டி சிஸ்டம்), பிஎக்ஸ்இலினக்ஸும் (நெட்வொர்க் வழியா எழுப்பி விடற நிரல்) சேர்த்து நூறு எம்பிகூட வராது. செட்டிங்ல முக்கியமானது நாலுதான். போர்ட்டை 0 ஆக்குங்க, டிஎன்எஸ் வேலை அணையும். டிஎச்சிபி (மெஷினுக்கு முகவரி கொடுக்கற வேலை) ரேஞ்சில் உங்க நெட்வொர்க் முகவரியைப் போட்டு பக்கத்துல பிராக்ஸின்னு எழுதுங்க. டிஎஃப்டிபியை (பூட் ஃபைலை அனுப்பற வேலை) ஆன் பண்ணி அந்த ஃபோல்டரைக் காட்டுங்க. பூட் ஃபைலா பிஎக்ஸ்இலினக்ஸைக் கொடுங்க.

அந்தப் பிராக்ஸிங்கிற சொல்தான் உயிர். அது இருந்தா முகவரியை ரௌட்டரே கொடுக்கும், லேப்டாப் பூட் ஃபைல் எங்கேன்னு மட்டும் சொல்லும். அது இல்லாம முழு டிஎச்சிபியா ஓட்டினா ரெண்டு பேரும் முகவரி கொடுக்கக் கிளம்பி, அந்த லைன்ல இருக்கற எல்லார் இணையமும் குழம்பும்.

நாலு கேபிள்னா லேப்டாப்புக்கு ஒண்ணு, மெஷினுக்கு மூணு. ரெண்டு சுற்றுல ஆறும் முடியும். வைஃபைல பிஎக்ஸ்இ (இந்த நெட்வொர்க் பூட் முறை) ஓடாது, கேபிள்தான்.

பழைய கிராணி:
மூணு மெஷினும் ஒரே நேரத்துல இணையத்திலிருந்து டெஸ்க்டாப் பேக்கேஜ் இழுத்தா லைன் என்ன ஆகும்? ஆறு தடவை அதே ஃபைலை இறக்கறதா?

ஈப்போ வயர்:
நல்ல கேள்வி. லேப்டாப்ல ஆப்ட்-கேச்சர்-என்ஜியும் போடுங்க. ஏத்தும்போது இன்ஸ்டாலர் பிராக்ஸி கேக்கிற இடத்துல (இது வேற பிராக்ஸி, பேக்கேஜ் இறக்கறதுக்கு) லேப்டாப் முகவரியும் 3142 போர்ட்டும் கொடுத்தா, முதல் மெஷின் இறக்கினதை மத்த அஞ்சும் லேப்டாப்லேருந்து எடுத்துக்கும். முதல் மெஷினைத் தனியா முடிச்சுட்டு மத்ததைத் தொடங்குங்க. வேலை முடிஞ்சதும் ஆப்ட் செட்டிங்ல அந்தப் பிராக்ஸி வரியை அழிக்கணும். இல்லேன்னா லேப்டாப் வீட்டுக்குப் போன மறுநாள் ஆறு மெஷின்லயும் அப்டேட் நிக்கும்.

பழைய கிராணி:
எல்லாம் சரி, லேன் போர்ட் உயிரோட இருந்தாத்தான். இது பேராக், பிற்பகல் இடி எப்படின்னு தெரியும். செம்புக் கம்பி போன் லைன் இருந்த காலத்துல இடி மோடம் வழியா வந்து லேன் கேபிள்ல ஏறி போர்டைச் சுட்டுட்டுப் போகும். மெஷின் நல்லா ஓடும், லேன் மட்டும் செத்திருக்கும். ஃபைபர்ல கம்பி இல்ல, அந்த வழி அடைஞ்சது. ஆனா இந்த மெஷின்கள் ஃபைபருக்கு முந்தினவை.

அப்படி ஒரு மெஷினுக்குப் புது லேன் கார்டு மாட்டினாலும் பிரயோஜனமில்ல. மலிவான கார்டுல பூட் ரோம் (நெட்வொர்க் பூட் நிரல் இருக்கற சில்லு) இருக்காது. நெட்வொர்க் பூட் பண்ண இன்னொரு பூட் மீடியா வேணும்! என் வழியில அந்தத் தொல்லை கிடையாது.

ஈப்போ வயர்:
உங்க வழியில வேற தொல்லை இருக்கு ஐயா. லேப்டாப் பெரும்பாலும் யூஇஎஃப்ஐல (பயோஸுக்குப் பதிலா வந்த புது முறை) ஓடும். அதுல ஏத்தினா யூஇஎஃப்ஐக்குத்தான் ஏறும். கோர் 2 டியோ மெஷின் பழைய பயோஸ், திரும்ப மாட்டினா எழும்பாது. அதைவிட மோசம், சில இன்ஸ்டாலர் பூட்லோடரை (சிஸ்டத்தை எழுப்பி விடற நிரல்) யூஎஸ்பி டிஸ்க்குக்குப் போடாம லேப்டாப்போட சொந்த இஎஃப்ஐ பார்ட்டிஷன்ல போட்டுடும். உபுண்டு இன்ஸ்டாலர் இதுக்குப் பேர்போனது. கடைசியில லேப்டாப்பும் எழும்பாது.

செம்பனை அக்கா:
அதுக்கு மருந்து இருக்கு. லேப்டாப்பை ரீஸ்டார்ட் பண்ணவே வேணாம். கியூஇஎம்யூவை (லேப்டாப்புக்குள்ளேயே விர்ச்சுவல் மெஷின் ஓட்டற நிரல்) திறந்து அந்த யூஎஸ்பி டிஸ்கை நேரா விர்ச்சுவல் மெஷினோட ஹார்ட்டிஸ்க்கா கொடுத்து, ஐஎஸ்ஓவை அதோட டிவிடியா கொடுங்க. கியூஇஎம்யூ தானா பழைய பயோஸ் முறையிலதான் எழும்பும், அதனால கிரப்ங்கிற பூட்லோடர் டிஸ்க்கோட முதல் செக்டர்ல போகும், லேப்டாப் டிஸ்க் அதுக்குக் கண்ணுலயே படாது. ஒரே ஆபத்து டிஸ்க் பேரைத் தப்பா கொடுக்கறது. எஸ்டிஏ, எஸ்டிபின்னு நம்பாதீங்க, பை-ஐடி ஃபோல்டர்ல கம்பெனி பேரும் சீரியல் நம்பரும் பார்த்துக் கொடுங்க.

ரெண்டு விஷயம் கூட. டெபியன் எக்ஸ்பர்ட் முறையில ஏத்தினா இனிட்ஆர்டியில எந்த டிரைவர்னு கேக்கும், ஜெனரிக் எடுங்க. டார்கெட்டட் எடுத்தா விர்ச்சுவல் மெஷினோட டிரைவர் மட்டும் போய், நிஜ மெஷின்ல ரூட் டிஸ்க் கிடைக்காம நிக்கும். அப்புறம் சில யூஎஸ்பி டாக் 512 பைட் செக்டரை 4096னு காட்டும். அதுல போட்ட பார்ட்டிஷன் டேபிளை உள்ளே மாட்டினா மெஷின் படிக்காது. எஃப்டிஸ்க்ல செக்டர் அளவைப் பார்த்துட்டுத் தொடங்குங்க.

பழைய கிராணி:
பார்த்தீங்களா? ஒரு டிஸ்கைச் சரியா முடிச்சா மத்த அஞ்சுக்கும் டிடி கட்டளை போட்டு நகல் எடுத்துடலாம்.

ஈப்போ வயர்:
எடுக்கலாம், ஆனா சும்மா நகல் எடுத்தா ஆறுக்கும் ஒரே மெஷின்-ஐடி (மெஷினுக்கு மெஷின் மாற வேண்டிய அடையாள எண்), ஒரே எஸ்எஸ்எச் (தூரத்துலேருந்து மெஷினுக்குள்ளே நுழையற வசதி) சாவி, ஒரே ஹோஸ்ட் பேர். மெஷின்-ஐடி ஒண்ணா இருந்தா சில நேரம் ரௌட்டர் ரெண்டு மெஷினுக்கும் ஒரே முகவரி கொடுத்து இணையம் விட்டு விட்டு வரும். நகல் எடுக்கறதுக்கு முன்னாடி மெஷின்-ஐடி ஃபைலைக் காலியாக்கணும். ஃபைலையே அழிக்கக் கூடாது, உள்ளே இருக்கறதை மட்டும். எஸ்எஸ்எச் போட்டிருந்தா அதோட சாவியை நகல் எடுத்த பிறகு ஒவ்வொரு மெஷின்லயும் புதுசா உருவாக்கணும். இன்னொண்ணு, 160 ஜிபி டிஸ்க்லேருந்து 80 ஜிபி டிஸ்க்குக்கு டிடி பாதியில நிக்கும். ஆறும் ஒரே அளவுன்னு தம்பி சொல்லவே இல்லையே.

செம்பனை அக்கா:
விண்டோஸ் எழும்புற நாலுக்கும் மூணாவது வழி ஒண்ணு இருக்கு. லேன் போர்ட் வேலை செய்யணும், பூட் ரோம் வேணாம். விண்டோஸுக்குள்ளேயே கிரப்2வின் போட்டு, அதே நெட்பூட் கெர்னலையும் இனிட்ஆர்டியையும் சி டிரைவ்ல வச்சு எழுப்பலாம். இன்ஸ்டாலர் முழுக்க ரேம்ல ஓடறதால மொத்த டிஸ்கையும் அழிச்சு ஏத்த முடியும்.

ஆனா இது ஒருவழிப் பாதை. பார்ட்டிஷன் அழிஞ்ச பிறகு கரண்ட் போனா விண்டோஸும் இல்ல, கிரப்பும் இல்ல. பிஎக்ஸ்இல அப்படி நடந்தா திரும்ப எஃப்12 அழுத்தினா போதும். அதனால தம்பிக்கு நான் இதைச் சிபாரிசு பண்ண மாட்டேன், மத்தவங்களுக்குச் சொல்லி வைக்கிறேன். எந்த வழியா இருந்தாலும் காலையில தொடங்குங்க, இடிக்கு முன்னாடி முடியும்.

தோட்டத்துப் பையன்:
ஈப்போ அண்ணே சொன்னபடி நாலு செட்டிங்கும் போட்டேன். மூணு மெஷின் இணைச்சேன். ஒண்ணு டெபியன் மெனுவுக்கு வந்துடுச்சு. ஒண்ணு பிஎக்ஸ்இ-இ61, இன்னொண்ணு பிஎக்ஸ்இ-இ32ன்னு சொல்லி நிக்குது.

ஈப்போ வயர்:
இ32ன்னா முகவரி கிடைச்சது, ஃபைல் வரல. டிஎஃப்டிபி பதில் சொல்லல. ஃபயர்வால்ல யூடிபி 69 மட்டும் திறந்தா போதாது, டிஎஃப்டிபி பதிலை வேற போர்ட்லேருந்து அனுப்பும். ஏத்தற நேரத்துக்கு லேப்டாப் ஃபயர்வாலையே அணைச்சு வைங்க. ஒரு மெஷின் மெனுவுக்கு வந்திருக்கறதால ஃபயர்வால் காரணமா இல்லாமலும் இருக்கலாம். அந்த மெஷினோட கேபிளையும் போர்ட்டையும் நல்லா ஓடற மெஷினோட மாத்திப் பாருங்க. இ53 வந்தா மட்டும் கதை வேற, முகவரி வந்தும் பூட் ஃபைல் பேர் வரலைன்னு அர்த்தம். அப்போ டிஎன்எஸ்மாஸ்க்ல போட்ட பிராக்ஸி வரியைத் திரும்பப் பாருங்க.

இ61ன்னா கேபிள்ல உயிரே இல்லைன்னு அர்த்தம். கேபிளை மாத்துங்க. லேன் போர்ட் விளக்கு அப்பவும் எரியலன்னா...

பழைய கிராணி:
...லேன் செத்துப்போச்சு. அந்த ஒண்ணை என்கிட்ட விடுங்க. 12 வோல்ட் வயர் வாங்கிடுங்க தம்பி.

ஈப்போ வயர்:
ஒண்ணே ஒண்ணை உங்களுக்குத் தர்றேன் ஐயா. மத்த அஞ்சும் எனக்கு.

தம்பி, ஒரு எச்சரிக்கை. தானா பதில் சொல்ற பிரிசீட் ஃபைலைப் போட ஆசை வரும். பயோஸ்ல நெட்வொர்க் முதல் வரிசைல இருந்து, பிரிசீட்டும் கேள்வி கேக்காம ஓடினா, ஏத்தி முடிச்சு ரீஸ்டார்ட் ஆனதும் திரும்ப முதல்லேருந்து அழிச்சு ஏத்தும். நிக்காது. எஃப்12 வழியா ஒருமுறை மட்டும் எழுப்புங்க, முடிஞ்சதும் டிஎன்எஸ்மாஸ்க்கை நிறுத்துங்க.

பழைய கிராணி:
அந்த நாலு விண்டோஸ் டிஸ்க்ல தொழிலாளர் பேர், அடையாள அட்டை நம்பர், சம்பளப் பட்டியல் எல்லாம் இருக்கும். பார்ட்டிஷன் மாத்தினா மட்டும் அது போகாது. ஏத்தறதுக்கு முன்னாடி முழு டிஸ்குக்கும் சுழியம் எழுதுங்க. அந்தக் காலத்து டிஸ்க்குக்கு 80 ஜிபின்னா அரை மணிக்கு மேல பிடிக்கும், ஒரு சுற்றுல இணைச்சிருக்கறதை எல்லாம் ஒரே நேரத்துல ஓட விடுங்க. டெபியன் நெட்பூட் மெனுலேருந்தே ரெஸ்க்யூ முறையில போனா ஷெல் கிடைக்கும், டிடி அங்கே இருக்கு.

தோட்டத்துப் பையன்:
கேபிள் மாத்தினதும் இ32 மெஷின் வந்துடுச்சு. இ61க்கு விளக்கு எரியல. ரெண்டு மெஷின்ல தேதி 2009ன்னு காட்டுது, ஏத்த முடியுமா?

செம்பனை அக்கா:
முடியும். டெபியன் இன்ஸ்டாலர் நெட்வொர்க்லேருந்து நேரம் எடுத்துக்கும். ஆனா அது பட்டன் பேட்டரி செத்த அறிகுறி, ஒவ்வொரு தடவை பிளக்கைப் பிடுங்கும்போதும் தேதி பின்னாடி போய், நேரம் சரியாகற வரைக்கும் பிரவுசர்ல பல தளங்கள் திறக்காது. சிஆர்2032, 3 வோல்ட், ரெண்டு வாங்கி மாத்திடுங்க. பெட்டியைத் திறந்துதான் ஆகணும், ஈப்போ தம்பி மன்னிக்கணும்.