ஜப்பானில் அபூர்வமான குடும்பப் பெயர்க்காரர்களைச் சந்தித்திருக்கிறீர்களா? அனுபவத்தைச் சொல்லுங்கள்

யோகோஹாமாவிலிருந்து:

இங்கே வந்து ஆறு வருடம் ஆகிறது. ஜப்பானில் குடும்பப் பெயர்கள் ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கும் என்பார்கள், மூன்று லட்சம் என்று சொல்பவர்களும் உண்டு. எழுத்து ஒன்றாக இருந்து உச்சரிப்பு மட்டும் மாறினால் அதைத் தனிப் பெயராக எண்ணுவதா வேண்டாமா என்பதைப் பொறுத்துக் கணக்கு ஏறி இறங்கும். ஆனால் அலுவலகத்தில் என் காதில் விழுந்ததெல்லாம் சாதோ, சுசுகி, தகாஹாஷி, தனாகாதான். சாதோவும் சுசுகியும் தலா 18 லட்சம் பேர் வரை இருப்பார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். ஒரு தளத்தில் "சாதோ-சான்" என்று கூப்பிட்டால் இரண்டு பேராவது திரும்புவார்கள்.

போன மாதம் ஒரு கூட்டத்தில் எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணி இரண்டு கையாலும் விசிட்டிங் கார்டை நீட்டினார். பெயரில் மூன்று கான்ஜி எழுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு அர்த்தம் உண்டு. மூன்றுமே எனக்குத் தெரிந்தவைதான்: சின்ன, பறவை, விளையாடு. வாசிக்கத்தான் வரவில்லை. "கொதோரி..." என்று இழுத்தேன். அவர் கார்டின் ஓரத்தில் விரலை வைத்துக் காட்டினார். பொடி எழுத்தில் உச்சரிப்பு போட்டிருந்தது: தகானாஷி.

அந்த மூன்று எழுத்தில் எதற்கும் அந்த ஒலி கிடையாது. 'தகா' என்றால் பருந்து, 'நாஷி' என்றால் இல்லை. பருந்து இல்லாத இடத்தில்தானே சின்னப் பறவைகள் பயமில்லாமல் விளையாடும்! எழுதியிருப்பது விடுகதை, வாசிப்பது விடை. இப்படி இன்னும் சில உண்டு. 'நிலா பார்க்கும் ஊர்' என்று எழுதி 'யமானாஷி' என்று வாசிப்பார்கள், அதாவது மலை இல்லை. மலை மறைக்காத ஊரில் நிலா நன்றாகத் தெரியும். 'ஒன்று' என்ற ஒற்றைக் கோட்டை எழுதி 'நினோமாயே' என்று வாசிக்கும் குடும்பமும் உண்டு. இரண்டுக்கு முன்னால் இருப்பது என்று அர்த்தம்.

கூட்டம் முடிந்ததும் அவரிடம் கேட்டேன், உங்கள் பெயர்க்காரர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று. "சொந்தக்காரர் அல்லாத ஒருவரை இந்த எழுத்தில் நான் இதுவரை பார்த்ததில்லை" என்றார். இதே ஒலியில் 'உயரம், பேரி' என்று இரண்டு எழுத்தில் எழுதும் தகானாஷிகள் நிறையப் பேர். அதனால் தொலைபேசியில் பெயர் சொன்னால் எதிர்முனையில் அதைத்தான் எழுதிக்கொள்வார்களாம். பார்சல் பாதிக்குப் பாதி பேரி மரத்தோடுதான் வரும் என்றார்.

அப்புறம் அவர் சொன்னதுதான் என்னை இங்கே எழுத வைத்தது. ஜப்பான் அரசு குடும்பப் பெயர்வாரியாக மக்கள்தொகையை எண்ணி வெளியிடுவதில்லை. நாம் பார்க்கும் எண்களில் பெரும்பாலானவை தொலைபேசி டைரக்டரியை வைத்துப் போட்ட மதிப்பீடு. அதில் வீட்டுக்கு ஒரு பெயர்தான் இருக்கும், அதைக் குடும்ப அளவால் பெருக்குகிறார்கள். சுசுகிக்கு இது போதும், ஆயிரம் பேர் கூடினாலும் குறைந்தாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் முப்பது பேர் என்று போட்டிருக்கும் ஒரு பெயரில் மூன்று பேர் உள்ள ஒரு வீடு விட்டுப்போனால் பத்தில் ஒரு பங்கு போச்சு. "எங்கள் வீட்டில் கைபேசி மட்டும்தான். டைரக்டரியில் இருப்பது என் அப்பா. நானும் என் மகளும் அந்தக் கணக்கில் இருக்கிறோமா என்று எனக்கே தெரியாது" என்றார்.

பேச்சுவாக்கில் என் குடும்பப் பெயரையும் கேட்டார். எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது, இங்கே கடைசிப் பெயராக எழுதுவது என் அப்பாவின் பெயர், என் பையனுக்கு அந்த இடத்தில் என் பெயர் வரும் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்படியானால் உங்கள் வீட்டில் அந்தப் பெயர் ஒரு தலைமுறைக்குத்தானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் தலையசைத்துக்கொண்டே இருந்தார்.

உங்களுக்கும் இப்படி யாரையாவது பார்த்த அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.

கோபேயிலிருந்து:

எங்கள் வீட்டுக்கும் ஒரு பெயர் வந்தது. மகளின் வகுப்பில் இந்த வருடம் சேர்ந்த ஒரு குழந்தையின் பெயர்: செஸ்ட்நட், பூ, உதிர் என்று மூன்று எழுத்து. வாசிப்பது 'ட்சுயுரி'. 'ட்சுயு' ஜூன் மாத மழைக்காலம், 'இரி' அதன் தொடக்கம். செஸ்ட்நட் மரத்தின் பூ உதிரும் நேரமும் அந்த மழை ஆரம்பிக்கும் நேரமும் ஒன்று. அந்தப் பூவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பூ மாதிரியே இருக்காது. வெளிர் மஞ்சளில் கம்பளிப்பூச்சி நீளத்துக்குத் தொங்கும். மழை பட்டதும் பழுப்பாகி, பாதை முழுக்கச் சரம் சரமாகக் கிடக்கும்.

இந்தப் பெயரின் ஊற்றுக்கண் எங்கள் கோபேயிலேயே இருக்கிறது என்று மகளின் ஆசிரியை சொன்னார். நகரத்தின் கிதா வட்டாரத்தில், மலைக்கு அந்தப் பக்கம் யமாதா என்ற பகுதி. அங்கே 'ட்சுயு கிணறு' என்று ஒன்று உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். விசாரிக்காமல் போனால் தாண்டிப் போய்விடுவோம், அவ்வளவு சின்ன இடம்.

கதை இது. எட்டாம் நூற்றாண்டில் இந்த யமாதாவைச் சேர்ந்த ஒருவர் நாரா அரண்மனையில் வேலை பார்த்தார். ஃபுஜிவாரா நோ தொயொனாரி என்ற பெரிய அமைச்சரின் மகள் ஷிராதாகி இளவரசி மேல் அவருக்குக் காதல். அந்தஸ்து எங்கே, இவர் எங்கே! கவிதை எழுதி அனுப்புகிறார், பதில் கவிதை வருகிறது. கடைசியில் பேரரசரே நடுவில் நின்று கல்யாணம் செய்துவைக்கிறார். அரண்மனையில் வளர்ந்த பெண் இந்த மலைக்கிராமத்துக்கு வருகிறாள், ஒரு பிள்ளை பெறுகிறாள், சில வருடங்களிலேயே இறந்துபோகிறாள். அவளுக்காகக் கட்டிய சின்னக் கோயிலருகே ஒவ்வொரு வருடமும் மழை தொடங்கி செஸ்ட்நட் பூ உதிரும்போது ஊற்று பொங்குமாம். அதிலிருந்து அந்த வீட்டார் தங்கள் பெயரையே இப்படி மாற்றிக்கொண்டார்களாம்.

இது அப்படியே வரலாறு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பெயர், ஊர், கிணறு மூன்றும் ஒரே இடத்தில் கிடைப்பது அபூர்வம். பெரும்பாலான குடும்பப் பெயர்களுக்கு 'வயலுக்கு நடுவே' (தனாகா), 'மலை அடிவாரம்' (யமாமோதோ) என்று பொதுவான இடம்தான் கிடைக்கும், எந்த வயல் எந்த மலை என்று யாராலும் கை காட்ட முடியாது. இந்தப் பெயருக்கு மட்டும் கை நீட்டிக் காட்டலாம். மகள் திங்கட்கிழமை பள்ளிக்குப் போய் அந்தக் குழந்தையிடம் "உன் கிணற்றைப் பார்த்தேன்" என்று சொல்லியிருக்கிறாள். அந்தக் குழந்தை இன்னும் அங்கே போனதில்லையாம்.

தோக்கியோவிலிருந்து, மொழிபெயர்ப்பு வேலை பார்ப்பவர்:

ஒரு விஷயம் மட்டும். இந்த மாதிரிப் பெயர்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "மெய்ஜி காலத்தில் எல்லோரும் பெயர் வைத்தாக வேண்டும் என்று சட்டம் வந்தது, அவசரத்தில் வாய்க்கு வந்ததை எழுதிக் கொடுத்தார்கள்" என்று யாராவது சொல்வார்கள். சட்டம் வந்தது உண்மை. 1870-ல் சாதாரண மக்களும் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதி. வரி கூடுமோ என்னவோ என்று சந்தேகப்பட்டு மக்கள் பெரிதாக முன்வரவில்லை. படைக்கு ஆள் எடுக்கப் பதிவேடு சரியாக வேண்டும் என்று ராணுவத் தரப்பு அழுத்தம் கொடுக்க, 1875 பிப்ரவரி 13-ல் கட்டாயமாக்கினார்கள். ஆனால் அதற்கு முன்பு விவசாயிகளுக்குப் பெயரே இல்லை என்பது சரியல்ல. வெளியில் சொல்லிக்கொள்ள உரிமை இல்லை, அவ்வளவுதான். கோயிலுக்கு நன்கொடை கொடுத்த பட்டியல்களில் கிராமத்தார் குடும்பப் பெயரோடு எழுதியிருக்கிறார்கள். அதனால் தகானாஷியையோ ட்சுயுரியையோ பார்த்ததும் '1875-ல் யாரோ வேடிக்கையாக வைத்தது' என்று ஒதுக்கிவிடாதீர்கள். எனக்கு அதைக் கேட்டால் கோபமே வரும்.

நாகோயாவிலிருந்து:

முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்கிறேன். எங்கள் இல்லத்தில் 88 வயதுத் தாத்தா ஒருவர். அவர் பெயர் ஒரே எழுத்து, 'பத்து' என்ற எண். சிலுவைக் குறி மாதிரி இரண்டு கோடு. வாசிப்பது 'ட்சுனாஷி'.

காரணத்தை முதல் நாளே எனக்கு விரல்விட்டு எண்ணிக் காட்டினார். ஹிதோட்சு, ஃபுதாட்சு, மிட்சு, யொட்சு, இட்சுட்சு, முட்சு, நானாட்சு, யாட்சு, கொகொனொட்சு. ஒன்று முதல் ஒன்பது வரை எல்லாம் 'ட்சு' என்று முடியும். பத்தாவது விரலுக்கு வந்ததும் நிறுத்தி, "தோ" என்றார். அதில் 'ட்சு' இல்லை. 'ட்சு நாஷி', ட்சு இல்லாதது. எனக்கு ஜப்பானிய மொழியில் எண்ண வந்ததே அன்றைக்குத்தான் என்று சொல்லலாம்.

2025 மே 26 முதல் குடும்பப் பதிவேட்டில் பெயரின் உச்சரிப்பையும் பதிய வேண்டும் என்று சட்டம் மாறியது உங்களுக்கும் தெரிந்திருக்கும். அதுவரை பதிவேட்டில் எழுத்து மட்டும்தான், ஒலி கிடையாது. எல்லா ஊர்களிலிருந்தும் 'உங்கள் பெயரை இப்படி உச்சரிப்பதாகப் பதியப் போகிறோம், தவறாக இருந்தால் ஒரு வருடத்துக்குள் சொல்லுங்கள்' என்று தபால் வந்தது. தாத்தாவுக்கு வந்ததில் 'ஜூ' என்று இருந்தது. பத்து என்ற எழுத்தின் சாதாரண ஒலி அது.

அவர் சத்தம் போடவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். மருத்துவமனையில், வங்கியில் எல்லாம் இப்படிக் கூப்பிட்டால் அதுபாட்டுக்கு எழுந்து போய்விடுவேன் என்றார். இது பதிவேடாயிற்றே. திருத்தப் படிவத்தை என்னை எழுதவிடவில்லை. கை நடுங்கும் அவருக்கு. மூன்று ஒலியெழுத்தை மூன்று கட்டத்துக்குள் அடக்க அரைமணி நேரம் ஆனது. பழைய வங்கிப் புத்தகத்தின் நகலையும் கூடவே வைத்து அனுப்பினோம், பல வருடமாக இதே உச்சரிப்பைத்தான் பயன்படுத்துகிறார் என்று காட்டுவதற்கு.

அவருக்குப் பிள்ளைகள் இல்லை. இதை இங்கே சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லிவிட்டேன்.

ஒசாகாவிலிருந்து:

நாகோயா தம்பி எழுதியதைப் படித்ததும் என் தோழி ஞாபகம்தான். அவள் பெயர் 'நான்காம் மாதம் முதல் நாள்' என்று எழுதி 'வதானுகி' என்று வாசிப்பது. பழைய நாட்காட்டிப்படி அன்றைக்குத்தான் குளிர்கால உடைக்குள் திணித்த பஞ்சை எடுப்பார்கள். 'வதா' பஞ்சு, 'நுகி' உருவுவது.

போன வருடம் அவளுக்குக் கல்யாணம். இங்கே சிவில் சட்டத்தின் 750-ஆம் பிரிவுப்படி கணவன் மனைவி இருவருக்கும் ஒரே குடும்பப் பெயர்தான் இருக்க வேண்டும். எது என்று சட்டம் சொல்வதில்லை. பதிவுப் படிவத்திலேயே 'கணவன் பெயர்', 'மனைவி பெயர்' என்று இரண்டு கட்டம் இருக்கும், ஒன்றில் குறி போட வேண்டும். நூற்றுக்குச் சுமார் 95 ஜோடிகள் கணவன் கட்டத்தில் போடுகிறார்கள். வழக்குப் போட்டும் பார்த்தார்கள், 2015-லும் 2021-லும் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவு செல்லும் என்றுதான் சொன்னது. தொஹொகு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் 2024-ல் கணக்குப் போட்டுச் சொன்னார், இப்படியே போனால் 2531-ல் ஜப்பானியர் எல்லோருமே சாதோ ஆகிவிடுவார்கள் என்று. கணக்கு எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், பெயர்கள் எந்தப் பக்கம் போகின்றன என்பது அதில் தெரிகிறது. பெரிய பெயர் ஒரு கல்யாணத்தில் ஒருவரை இழந்தால் அடுத்த கல்யாணத்தில் எடுத்துக்கொள்ளும். சின்னப் பெயருக்கு அந்த அடுத்த கல்யாணமே இருக்காது.

அவளும் அவனும் இரண்டு மாதம் பேசினார்கள். அவன் தன் பெயரை மாற்றிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தான், அவன் வீட்டில் ஒப்புக்கொள்ளவில்லை. அவள் அப்பா, "நீ சந்தோஷமாக இரு, பெயர் கிடக்கட்டும்" என்றாராம். குறி கணவன் கட்டத்தில் விழுந்தது. அவன் சுசுகி.

அடுத்த நாள் வங்கிக்குப் புது முத்திரை (இங்கே கையெழுத்துக்குப் பதிலாகக் குத்துவது) வேண்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு நூறு யென் கடைக்குப் போனாள். ஆயத்த முத்திரைகளை ஒரு சுழலும் தட்டியில் அகரவரிசையில் அடுக்கியிருப்பார்களே, பார்த்திருப்பீர்கள். அதில் அவள் பெயர் எப்போதும் இருந்ததே இல்லை. பள்ளி முடித்தபோது அவள் அப்பா தனியாகச் சொல்லி மரத்தில் செதுக்கிக் கொடுத்ததைத்தான் இத்தனை வருடம் வைத்திருந்தாள். தட்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள். சுசுகி வரிசையில் ஆறேழு இருந்தது. ஒன்றை எடுத்தாள். உடனே கல்லாவுக்குப் போகாமல் இன்னும் கொஞ்சம் சுற்றி, கடைசியில் 'வ' வரிசைக்கு வந்து நின்றாள். வதானாபே இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது.