மணாலி–லே முதல் பயணம்: பெட்ரோல் கேன் கட்டாயமா?

மலைக்கழுகு:
"முதன்முதலாக லடாக் போகிறவர்களுக்கு" என்று நேற்று ஒருவர் இங்கே பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். பெயர் வேண்டாம், புல்லட் படம் வைத்திருப்பவர். அதில் ஒரு வரி: "டாண்டி பங்க்கை விட்டால் 365 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் கிடையாது, ஐந்து லிட்டர் கேன் இல்லாமல் போகிறவன் மடையன்." படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை.

டாண்டி என்பது மணாலியிலிருந்து லே போகும் வழியில் இருக்கும் ஊர். அந்த 365 என்பது அங்கிருந்து லே ஊர் வரைக்கும். லேவுக்குச் சுமார் 35 கிலோமீட்டர் முன்னாலேயே காருவில் பங்க் இருக்கிறது. ஆக 330. பல்சர் 150-க்கு டேங்க் 15 லிட்டர். மலையில் லிட்டருக்கு 40 கொடுத்தாலே 600 ஓடும். கேனைக் கட்டிக்கொண்டு போய் என்ன செய்வது, பூச்செடிக்கு ஊற்றுவதா?

புல்லட் பாண்டி:
பெயர் சொல்லாமல் விட்ட பெருந்தன்மைக்கு நன்றி அண்ணே. அது நான்தான்.

டாண்டியில் பலகை வைத்திருக்கிறார்கள், "அடுத்த பங்க் 365 கி.மீ." என்று. லடாக் போன அத்தனை பேரும் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்திருக்கிறார்கள். அங்கேயே இருப்பவன் எழுதி வைத்தது பொய், வீட்டில் மேப்பை விரித்து வைத்திருப்பவர் சொல்வது நிஜமா?

சரி, உங்கள் வழிக்கே வருகிறேன். என் கிளாசிக் 350-இல் 13 லிட்டர் பிடிக்கும். பாரலாச்சா, நகீ, லாச்சுங், தாங்லாங் கணவாய்கள் என்று ஏற்றத்துக்கு மேல் ஏற்றம். முதல் கியர், இரண்டாம் கியர் என்று உருட்டினால் 25 கிடைப்பதே பெரிய விஷயம். 13-ஐ 25-ஆல் பெருக்குங்கள், 325. நீங்கள் சொல்வது 330. மிச்சம் 5 கிலோமீட்டருக்கு வண்டியை யார் தள்ளுவது? நீங்கள் வருவீர்களா?

சேலம் செந்தில்:
வணக்கம் அண்ணா. நான் ஆகஸ்டில் முதன்முறையாகப் போகலாம் என்று இருக்கிறேன். வண்டி பல்சர் 150. ஏற்காட்டின் 20 வளைவு, கொல்லிமலையின் 70 வளைவு எல்லாம் ஓட்டியிருக்கிறேன். டெல்லி வரைக்கும் வண்டியை ரயிலில் போடலாமா? மொத்தம் எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்? மேலே மூச்சு முட்டும் என்கிறார்களே, அது எவ்வளவு தூரம் உண்மை?

மலைக்கழுகு:
செந்தில், ஒரு நிமிஷம் இருப்பா. இதை முடித்துவிட்டு வருகிறேன்.

பாண்டி, ஏற்றத்தை மட்டும் எண்ணினாயே, இறக்கத்தை யார் எண்ணுவது? பாங் தாண்டினால் மோரே சமவெளி, 40 கிலோமீட்டர் போல மட்டமான தரை. தாங்லாங் லா, அதாவது தாங்லாங் கணவாய், 17,480 அடி. அதன் பிறகு ரும்ட்சே, உப்ஷி, காரு வரைக்கும் இறக்கம்தான். உப்ஷிக்குப் பிறகு சிந்து நதி ஓடும் திசையிலேயே சாலையும் போகிறது. நீ சொல்லும் அந்த 5 கிலோமீட்டர் அங்கேதான் வரும். என்ஜினை நிறுத்தி நியூட்ரலில் விட்டாலே வண்டி பங்க் வாசலில் போய் நிற்கும்.

330. இதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன்.

புல்லட் பாண்டி:
அடடா, முதல் பயணம் போகும் பையனிடம் சொல்ல வேண்டிய அறிவுரைதான் இது! மலை இறக்கத்தில் என்ஜினை நிறுத்தி நியூட்ரலில் இறங்கு என்கிறார். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று வால்பாறை பஸ் டிரைவரிடம் கேட்டால்கூடச் சொல்வார். என்ஜின் பிடித்தால்தான் பிரேக் சூடேறாது.

இவர் போன வருஷம் டயர் காற்று விஷயத்தில் என்ன எழுதினார் என்று பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். அதையும் இப்படித்தான் அடித்துச் சொன்னார்.

மலைக்கழுகு:
டயரை ஏன் இழுக்கிறாய்? அங்கே நான் சொன்னது கரடுமுரடான பாதைக்குக் காற்றைக் கொஞ்சம் குறைக்கலாம் என்று. நீ நெடுஞ்சாலைக்கு என்று படித்தாய். இங்கேயும் அதே கதை. நான் நியூட்ரல் என்றது சிந்து நதிக்கரைச் சாய்வில், பெட்ரோல் தீர்ந்தபோது. கொண்டை ஊசி வளைவில் அல்ல. படிக்கத் தெரிய வேண்டும்.

ஸ்ப்ளெண்டர் சித்தப்பா:
நமக்கு இந்தக் கவலையே இல்லை. 9.8 லிட்டர் டேங்க், லிட்டருக்கு 60. பெருக்கிப் பார்த்தால் 588. போய்ச் சேர்ந்து, லே கடைத்தெருவில் நாலு சுற்றும் சுற்றலாம்.

புல்லட் பாண்டி:
சித்தப்பா, அந்த 60 திண்டிவனம் ரோட்டில். 5,000 மீட்டரில் காற்றழுத்தம் இங்கே இருப்பதில் பாதியை ஒட்டித்தான் இருக்கும். கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் காற்று குறைந்து, பெட்ரோல் மிஞ்சி, கரும்புகை கக்கும். இழுவையும் போய்விடும். வண்டி உங்களை ஏற்றுமா, நீங்கள் வண்டியை ஏற்றுவீர்களா?

ஸ்ப்ளெண்டர் சித்தப்பா:
தள்ள வேண்டி வந்தால் தள்ளுகிறேன். என் வண்டி 112 கிலோ. உன் 195 கிலோவை நீ தள்ளிக் காட்டு, அப்புறம் பேசலாம்.

நீலகிரி நிலா:
365-ஆ 330-ஆ என்று இரண்டு சாரும் மல்லுக்கட்டுகிறீர்கள். அந்தத் தம்பி மூச்சு முட்டுமா என்று கேட்டதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

செந்தில், கொல்லிமலை வளைவுக்குப் பழக்கம் தரும், மூச்சுக்குத் தராது. அதன் உச்சியே ஏறக்குறைய 1,300 மீட்டர்தான். எங்கள் தொட்டபெட்டா 2,637. நீங்கள் போகிற பாதையில் சர்ச்சு 4,200 மீட்டருக்கு மேல். மணாலியிலிருந்து கிளம்பி ஜிஸ்பாவில் ஒரு இரவு, மறுநாள் சர்ச்சு கூடாரத்தில் ஒரு இரவு என்று திட்டம் போட்டுக் கொடுப்பவர்கள் நிறைய பேர். ஜிஸ்பா 3,200 மீட்டர் அளவு. அங்கிருந்து ஒரே நாளில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறிப் படுத்தால், தலை பிளக்கும், சாப்பாட்டைக் கண்டாலே குமட்டும், தூக்கம் வராது. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு படுக்கும் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது என்பதுதான் மலையேறுபவர்களுக்கு டாக்டர்கள் சொல்லும் பொதுக் கணக்கு. பகலில் கணவாய் ஏறி இறங்குவது வேறு, இரவு எங்கே தலை சாய்க்கிறோம் என்பது வேறு. தலைவலி வந்த பிறகும் "சரியாகிவிடும்" என்று இன்னும் மேலே ஏறுவதுதான் ஆளைக் கொல்லும். இறங்கிவிட வேண்டும். இந்த உயரக் கோளாறு வராமல் இருக்கப் போடும் அசிட்டசோலமைடு மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள், சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாது என்றால் அதை முதலிலேயே சொல்லுங்கள்.

முதல் பயணம் என்றால் ஸ்ரீநகர் வழியாக ஏறி மணாலி வழியாக இறங்குங்கள். ஸ்ரீநகர், கார்கில், லே என்று படிப்படியாக உயரும். கார்கிலே தொட்டபெட்டாவைவிடக் கொஞ்சம் உயரம்தான், 2,676. லே போனதும் இரண்டு நாள் சும்மா இருங்கள். அந்தப் பாதையில் ஊர்களும் பங்க்குகளும் உண்டு, கேன் பேச்சே வராது.

புல்லட் பாண்டி:
கேட்டீர்களா அண்ணே? அந்தப் பக்கம் பங்க் உண்டு என்று நிலாவே சொல்லிவிட்டார். அப்படியென்றால் மணாலிப் பக்கம் இல்லை என்றுதானே அர்த்தம்?

மலைக்கழுகு:
மணாலிப் பக்கம் இருக்கிறது என்று நான் எப்போது சொன்னேன்? 330 கிலோமீட்டருக்கு இல்லை என்றுதான் சொல்கிறேன். நீ 365-க்கு இல்லை என்கிறாய். நிலா சொன்னது என் பக்கம்தான்.

நீலகிரி நிலா:
நான் யார் பக்கமும் இல்லை. சர்ச்சுவில் படுக்காதே என்று சொன்னேன், அவ்வளவுதான்.

புல்லட் பாண்டி:
இப்படி மேப்பைப் பார்த்துப் பேசுகிறவர்களோடு என்ன பேசுவது? கர்துங் லா உச்சியில், 18,380 அடியில், பலகைக்குப் பக்கத்தில் நின்று எடுத்த படம் என் முகப்புப் பக்கத்தில் இருக்கிறது. போய்ப் பாருங்கள். கேன் வண்டியில் தொங்குவதும் தெரியும்.

மலைக்கழுகு:
வா பாண்டி வா, இதற்குத்தான் காத்திருந்தேன்.

கர்துங் லா 18,380 அடி அல்ல. 5,359 மீட்டர், அதாவது 17,582 அடி. ஜி.பி.எஸ். வைத்து அளந்து எப்போதோ சொல்லிவிட்டார்கள். ஏறக்குறைய 800 அடி பொய்யை அந்தப் பலகை இத்தனை வருஷம் சுமந்தது. "உலகிலேயே உயர்ந்த சாலை" என்ற பெருமையும் போயிற்று, எல்லைச் சாலை நிறுவனமே 2021-இல் உம்லிங் லாவில் 19,024 அடியில் தார் போட்டுப் பெயர் வாங்கிவிட்டது. பலகையில் எழுதியிருப்பதெல்லாம் வேதம் என்று நினைக்கும் ஆள் 365 என்றால் 365 என்றுதான் சொல்வான். எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

புல்லட் பாண்டி:
ராணுவத்தோடு சேர்ந்து வேலை செய்கிறவர்கள் வைத்த பலகையையே குறை சொல்கிறீர்கள். உங்களுக்கு நாட்டுப்பற்று இவ்வளவுதானா?

மலைக்கழுகு:
800 அடி கழித்தால் நாட்டுப்பற்று குறையுமா? நல்ல கதை. 35 கிலோமீட்டர் கழித்ததற்கே நீ இவ்வளவு குதித்தாயே.

சேலம் செந்தில்:
நிலா அக்கா, ரொம்ப நன்றி. ரயிலில் போடுவது பற்றி யாராவது சொல்ல முடியுமா?

ஸ்ப்ளெண்டர் சித்தப்பா:
போடலாம் தம்பி. ஆர்.சி. நகல், அடையாள அட்டை எடுத்துக்கொண்டு பார்சல் ஆபீசுக்குப் போ. டேங்க்கைச் சுத்தமாகக் காலி செய்யச் சொல்வார்கள், சொட்டுப் பெட்ரோல் இருக்கக் கூடாது. கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள். ஹேண்டில்பார், டேங்க், விளக்கு மூன்றுக்கும் கோணி சுற்றும்போது பக்கத்திலேயே நின்று பார். சுற்றுகிறவர் பெயருக்குச் சுற்றிவிட்டுப் போய்விடுவார்.

அப்புறம் போன். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டுக்கு மாற்றிக்கொள்.

புல்லட் பாண்டி:
டேங்க்கைக் காலி செய்யும்போது அந்தப் பெட்ரோலை எதில் பிடிப்பது? கேனில்தானே! அதற்காவது கேன் வேண்டும் இல்லையா, அண்ணே?

மலைக்கழுகு:
சேலம் ஸ்டேஷன் வாசலில் யாருக்காவது கொடுத்துவிட்டுப் போகலாம். இதற்கு லடாக் வரைக்கும் கேன் சுமப்பதா?

இன்னொன்று. டாண்டியில் இறுக மூடிய பிளாஸ்டிக் கேன் பாரலாச்சாவின் 16,000 அடிக்குப் போவதற்குள் பூரி மாதிரி உப்பிவிடும். வெளியே அழுத்தம் குறைவு, உள்ளே ஆவி. கட்டின இடத்தில் உரசி ஓட்டை விழுந்தால் சைலன்சரில் சொட்டும். முதல் பயணம் போகிற பையனின் கால் பக்கத்தில் ஐந்து லிட்டர் பெட்ரோலைத் தொங்கவிடச் சொல்கிறாய். யாரப்பா இங்கே மடையன்?

புல்லட் பாண்டி:
நான் சொன்னது இரும்புக் கேன். தண்ணீர் கேன் என்று நான் எங்கே எழுதினேன்? ஒருமுறை மூடியைத் திறந்து மூடினால் ஆவி போய்விடும். இதுகூடத் தெரியாதா?

மலைக்கழுகு:
நேற்று எழுதியதில் "இரும்பு" என்ற வார்த்தையே இல்லை. இப்போது போய்த் திருத்திவிட்டு வராதே, நான் படம் பிடித்து வைத்திருக்கிறேன்.

நீலகிரி நிலா:
செந்தில், இந்தச் சண்டையில் விட்டுப்போனது ஒன்று. மணாலி வழியாக இறங்கும்போது ஜிங்ஜிங்பார் என்ற இடத்துப் பக்கம் சாலையின் குறுக்கே பனி உருகிய ஓடைகள் வரும். காலையில் கணுக்கால் அளவு ஓடுவது, வெயில் ஏறி மேலே பனி உருகினால் மதியத்துக்கு மேல் முழங்காலுக்கு வந்துவிடும். அடியில் உருண்டைக் கல். இருட்டு விலகும்போதே கிளம்பி, மதியத்துக்குள் அந்த இடத்தைத் தாண்டிவிடுங்கள். மாற்று சாக்ஸ் இரண்டு ஜோடி, நனையாத பையில். அதுவும் ஆகஸ்ட் என்றால் மணாலிப் பக்கம் மழை, மண்சரிவு என்று ஒரு நாள் இரண்டு நாள் நிற்க வேண்டி வரலாம். நாட்களை இறுக்கிப் பிடித்துத் திட்டம் போடாதீர்கள். செப்டம்பருக்குத் தள்ள முடிந்தால் இன்னும் நல்லது.

மலைக்கழுகு:
ஓடையில் இறங்கும்போது கேன் எடை ஒரு பக்கம் சாயும். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் நிலா.

புல்லட் பாண்டி:
இரண்டு பக்கமும் இரண்டு கேன் கட்டினால் சாயாது.

மலைக்கழுகு:
இப்போது பத்து லிட்டராகிவிட்டதா? நாளைக்கு டேங்கர் லாரியோடு போகச் சொல்வாய்.

சரி, கடைசியாகக் கேட்கிறேன். உன் வண்டி மலையில் 25-தான் கொடுக்கும் என்றாயே, நிரூபி. ஞாயிற்றுக்கிழமை கொல்லிமலை அடிவாரம் காரவள்ளிக்கு வா. டேங்க்கை விளிம்பு வரை நிரப்பி, 70 வளைவும் ஏறி, செம்மேடு போய், இறங்கி வந்து மறுபடி நிரப்புவோம். 25-க்கு மேல் வந்தால் அந்தக் கட்டுரையை அழித்துவிட வேண்டும்.

புல்லட் பாண்டி:
1,300 மீட்டர் மலையில் சோதித்து 5,000 மீட்டருக்குக் கணக்கு சொல்வாராம். நிலா சொன்னதை நீங்கள் படிக்கவே இல்லை என்பது தெரிகிறது.

மலைக்கழுகு:
பயந்துவிட்டாய்.

புல்லட் பாண்டி:
யாருக்குப் பயம்? வருகிறேன். பலகையில் இருப்பது 365.

மலைக்கழுகு:
330.

ஸ்ப்ளெண்டர் சித்தப்பா:
ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன். பெட்ரோல் யார் செலவு என்று மட்டும் முதலில் சொல்லிவிடுங்கள்.