மூடி விதைத்த லெட்யூஸ் ஏன் முளைக்கவில்லை?

மொட்டைமாடிக்காரி:
ஒரே பாக்கெட் லெட்யூஸ் விதையை இரண்டு ட்ரேயில் போட்டேன். ஒன்றை அரை அங்குலம் கோகோபீட் போட்டு மூடினேன். இன்னொன்றை மூட மறந்து தண்ணீர் மட்டும் தெளித்தேன். மறந்த ட்ரே ஐந்தாம் நாளே முளைத்துவிட்டது. மூடியதில் ஒன்றிரண்டுதான். விதைக்கு வெளிச்சம் தெரியுமா என்ன?

பழைய வாத்தியார்:
தெரியும் அம்மா. பைட்டோகுரோம் என்ற நிறமி வழியாக. 1952இல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் வேளாண் ஆய்வு மையத்தில் போர்த்விக், ஹெண்ட்ரிக்ஸ் குழு உங்கள் லெட்யூஸ் விதையை வைத்துத்தான் இதைப் பிடித்தது. ஊறிய விதைக்குச் சிவப்பு ஒளி காட்டினால் முளைக்கும். உடனே தூரச்சிவப்பு, அதாவது சிவப்பையும் தாண்டி கண்ணுக்கு அரிதாகவே தெரியும் ஒளி, காட்டினால் முளைக்காது. மாற்றி மாற்றி எத்தனை முறை காட்டினாலும் கடைசியில் பட்டதுதான் கணக்கு.

'சுவிட்ச் மாதிரி' என்று வகுப்பில் கடந்துபோய்விடுவோம். உள்ளே நடப்பதுதான் அழகு. இந்த நிறமி ஒரு புரதம். அதற்குள் நான்கு வளையங்கள் கோத்த சங்கிலி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளி பட்டதும் மூன்றாம், நான்காம் வளையங்களுக்கு நடுவிலுள்ள இரட்டைப் பிணைப்பு இளகி, கடைசி வளையம் புரண்டு படுக்கிறது. அதையொட்டிப் புரதமும் உருமாறி உட்கருவுக்குள் நுழைகிறது. முளைப்பை அடக்கி வைத்திருக்கும் வேறு சில புரதங்களை அங்கே சிதைய வைக்கிறது. 730 நானோமீட்டர் தூரச்சிவப்பு பட்டால் வளையம் பழையபடி திரும்பிவிடும்.

மொட்டைமாடிக்காரி:
சரி ஐயா, அந்தத் தூரச்சிவப்பு தோட்டத்தில் எங்கிருந்து வருகிறது?

பழைய வாத்தியார்:
மர நிழல்தான். இலையிலுள்ள பச்சையம் சிவப்பை உறிஞ்சிக்கொண்டு தூரச்சிவப்பைக் கீழே விட்டுவிடும். மேலே ஆள் இருக்கிறது என்று விதை அடங்கிக் கிடக்கும்.

சாமந்தித் தோட்டம், ஓசூர்:
எங்கள் பிழைப்பே இந்த நிறமிதான் அக்கா. சாமந்திக்கு ராத்திரி நீளமாக இருந்தால்தான் மொட்டு வரும். அதனால் நட்ட புதிதில் பாலிஹவுஸில் நடுராத்திரி பல்பு எரியவிடுவோம், செடி உயரமாக வளரட்டும் என்று. வேண்டிய உயரம் வந்தபின் விளக்கை நிறுத்துவோம். ஒரு தடவை ஓரத்து பல்பு பியூஸ் போனதைக் கவனிக்கவில்லை. அந்த மூலையில் மட்டும் முழங்கால் உயரத்திலேயே மொட்டு வைத்துவிட்டது. அப்பா இன்னும் சொல்லிக் காட்டுகிறார்.

மொட்டைமாடிக்காரி:
இன்று மூடாமல் இன்னொரு ட்ரே போட்டேன். அப்புறம் பார்த்தால் எறும்பு வரிசையாக விதையைத் தூக்கிக்கொண்டு போகிறது. இதற்கு என்ன வழி?