விடியற்காலையில் மட்டும் கத்தும் வயர்லெஸ் புகை அலாரம்: எங்கே கோளாறு?

பாமணியாற்றங்கரை:

எங்கள் ஊர் வீடு மன்னார்குடிக்குப் பக்கத்தில். பழைய ஓட்டு வீடு. நடுவில் முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், பின்னால் சமையற்கட்டு. இரண்டு அறைகள் மட்டும் பிற்பாடு எடுத்துக் கட்டியவை, கான்கிரீட் தளம். அம்மா தனியாக இருக்கிறார், வயது எழுபதைத் தாண்டிவிட்டது. நான் திருச்சியில் வேலை பார்க்கிறேன், வாரக் கடைசியில் போய் வருவேன்.

வைஃபையில் இயங்கும் புகை அலாரம் ஒன்றை வாங்கி மாட்டினேன். பேட்டரியில் ஓடுவது. தனியாக ஹப் கிடையாது, வீட்டு ரவுட்டரோடு நேரே இணைந்துகொள்ளும். கூடம் முடிந்து முற்றம் தொடங்கும் இடத்தில் ஓர் உத்தரம் ஓடுகிறது, அதன் அடியில் திருகி வைத்தேன். வீட்டுக்கு நடு, எந்தப் பக்கத்துப் புகையும் அங்கே வந்துவிடும் என்று கணக்கு.

மார்கழி பாதியிலிருந்து தொல்லை. விடியற்காலை நாலரைக்கும் ஆறுக்கும் நடுவில் கத்துகிறது. தினமும் இல்லை, ஆனால் கத்தினால் தெருவே எழுந்துவிடுகிறது. அந்த நேரத்தில் அடுப்பு மூட்டியிருக்க மாட்டார்கள். அம்மா விளக்குமாற்றுக் கட்டையால் அதன் பட்டனைக் குத்தி நிறுத்தப் பழகிவிட்டார்.

இன்னொன்று, அவ்வளவு கத்தியும் சில நாள் என் போனுக்கு எதுவுமே வருவதில்லை. ஆப்பைத் திறந்தால் எப்போதும் 'ஆஃப்லைன்'. டெஸ்ட் பட்டனை அழுத்தினால் மட்டும் ஜோராக வேலை செய்கிறது. ஊதுபத்தியைக் கொளுத்தி அடியில் பிடித்தேன், மூச்சு விடவில்லை. புகை இல்லாதபோது கூச்சல், புகை காட்டினால் மௌனம். பொருளே சரியில்லையா? திருப்பிக் கொடுத்துவிடலாமா?

தஞ்சை வயர்மேன்:

அவசரப்பட்டுத் திருப்ப வேண்டாம் தம்பி. முதலில் சத்தம் எப்படி என்று சொல்லுங்கள். 'கீ கீ கீ' என்று மூன்று மூன்றாக, காது கிழிகிற மாதிரியா? அல்லது நிமிடத்துக்கு ஒரு தடவை 'கீச்' என்று ஒற்றைச் சத்தமா? ஒற்றை என்றால் பேட்டரி இறங்கிவிட்டது என்று பொருள். அதுவும் விடியற்காலையில்தான் அதிகம் வரும், குளிர்ச்சியில் பேட்டரியின் வோல்டேஜ் இன்னும் கொஞ்சம் இறங்கும். கடையில் கிடைத்த மலிவு கார்பன் பேட்டரி, ரீசார்ஜ் பேட்டரி இரண்டும் இதற்கு ஆகாது. கையேட்டில் சொன்ன ஆல்கலைனோ லித்தியமோதான் போட வேண்டும்.

அப்புறம், பொங்கலுக்கு வெள்ளையடித்தீர்களா? அடித்தபோது கழற்றி வைத்தீர்களா? கூடத்தில் ஃபேன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?

பாமணியாற்றங்கரை:

மூன்று மூன்றாகத்தான் அண்ணே, முழு அலாரம். பேட்டரி ஆப்பில் நிறைய இருப்பதாகத்தான் காட்டுகிறது. வெள்ளையடிப்பு இந்த வருஷம் திண்ணையோடு சரி, உள்ளே அடிக்கவில்லை. ஃபேன் கூடத்து நடுவில், ஆறேழு அடி தள்ளி. ஊதுபத்தி காட்டியபோது ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

ஓய்வுபெற்ற இயற்பியல் வாத்தியார்:

பனிதான். எனக்குச் சந்தேகமே இல்லை.

வீடுகளுக்கு வரும் அலாரங்களில் பெரும்பாலானவை ஒளி வகை. உள்ளே சின்னதாக ஒரு கறுப்பு அறை. அதில் ஓர் அகச்சிவப்பு எல்.இ.டி., அதன் ஒளி நேராகப் படாத கோணத்தில் ஒரு சென்சார். காற்று சுத்தமாக இருந்தால் சென்சார் இருட்டையே பார்த்துக்கொண்டிருக்கும். புகைத்துகள் புகுந்தால் ஒளி அதில் பட்டுச் சிதறி சென்சாரைத் தொடும். ஓட்டு இடுக்கில் இறங்கும் வெயில் கற்றையில் தூசி பறப்பது தெரிகிறதே, அதே சங்கதி. சிதற வைப்பது புகையா, மூடுபனியின் நீர்த்துளியா, உமித்தூசியா, உள்ளே நுழைந்த குட்டிச் சிலந்தியா என்று பல மாடல்களுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

மார்கழி, தையில் நம் பக்கத்து விடியற்காலையை உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? வயலில் ஈரம், வாய்க்காலில் தண்ணீர், எதிரில் வரும் சைக்கிள் தெரியாத பனி. அந்தப் பனி திறந்த முற்றம் வழியாக இறங்கி முதலில் தொடும் இடத்தில் அலாரத்தை வைத்திருக்கிறீர்கள். அது இயங்கும் ஈரப்பத வரம்பு கையேட்டில் போட்டிருக்கும், கூடவே ஈரம் நீர்த்துளியாகப் படியாத சூழலில் என்று ஒரு நிபந்தனையும் இருக்கும். ஒரு வாரம் உள் அறைக்கு மாற்றி வைத்துப் பாருங்கள், பிறகு பேசலாம்.

தஞ்சை வயர்மேன்:

சார் சொல்வது சரி. நான் இன்னொன்று சேர்க்கிறேன். பனி இல்லாவிட்டாலும் அது தப்பான இடம்தான். புகை சூடாக இருக்கும், மேலேதான் போகும். சமையற்கட்டில் தீப்பிடித்தால் புகை தாழ்வாரத்து ஓட்டை ஒட்டி ஏறி, ஓட்டு இடுக்கிலும் முற்றத்திலும் வெளியே போய்விடும். உங்கள் உத்தரத்துக்கு அது வருவதற்குள் பாதி வீடு எரிந்திருக்கும். முற்றத்து வீட்டில் 'நடு' என்பது வானத்துக்குக் கீழே நிற்கிற இடம்.

அம்மா தூங்கும் அறை கான்கிரீட் தளம் என்கிறீர்கள். முதல் அலாரம் அங்கே, தளத்தின் நடுவில். சுவரிலிருந்தும் டியூப் லைட்டிலிருந்தும் குறைந்தது ஓர் அடி, ஃபேன் இறக்கை நுனியிலிருந்து மூன்றடி தள்ளி இருக்கட்டும். லைட்டுக்குக் கிட்டே மாட்டினால் அறுவடைக்கு முந்தின மாதங்களில் புகையான், தத்துப்பூச்சி மாதிரி நெல்வயல் பூச்சிகள் மொய்த்து உள்ளே போய்விடும், அப்போதும் இதே கதைதான்.

கூடத்திலும் ஒன்று வேண்டும் என்றால் ஓட்டின் சாய்வில், முகட்டுக்குக் கிட்டே மாட்டுங்கள். முகட்டிலிருந்து மூன்றடிக்குள் இருக்க வேண்டும், ஆனால் உச்சி மூலையில் ஒட்ட வேண்டாம். அந்த மூலையில் காற்று தேங்கி நிற்கும், புகை உடனே நுழையாது. நாலு அங்குலமாவது கீழே இறக்குங்கள். ஓட்டுச் சட்டத்தில் திருகும்போது மரத்தூள் உள்ளே கொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் அடிப்பட்டையை மட்டும் திருகிவிட்டு, துடைத்த பிறகு அலாரத்தை மாட்டினால் வேலை முடிந்தது.

சிக்னல் பிரியன்:

வயர்லெஸ் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆப்பில் 'ஆஃப்லைன்' காட்டுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பேட்டரியில் ஓடும் வைஃபை அலாரங்கள் பல எந்நேரமும் ரவுட்டரோடு பேசிக்கொண்டிருப்பதில்லை. பேசினால் பேட்டரி சீக்கிரமே தீர்ந்துபோகும். தூங்கிக்கொண்டிருக்கும், புகையோ டெஸ்ட் பட்டனோ எழுப்பினால் அப்போதுதான் வைஃபையைப் பிடித்துச் செய்தி அனுப்பும். ஆனால் பிடிக்க முடிந்தால்தானே? பழைய வீட்டுச் சுவர் ஒன்றரை அடிக்குக் குறையாது. ரவுட்டர் ரேழியில் இருந்தால் சிக்னல் கூடத்தோடு நின்றுவிடும். அலாரத்தை வைக்கப்போகும் இடத்தில் போனைப் பிடித்து, 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இணைத்து, ஒரு வாட்ஸப் படம் போகிறதா பாருங்கள். இந்தச் சாதனங்களில் பெரும்பாலானவற்றுக்கு 5 ஜிகாஹெர்ட்ஸ் தெரியாது. ரவுட்டர் இரண்டையும் ஒரே பெயரில் கொடுத்தால் இணைக்கும்போதே தகராறு பண்ணும், பெயரைப் பிரித்து வையுங்கள்.

விடியற்காலையில் அங்கே கரண்ட் போகிறதா? போனால் ரவுட்டரும் போச்சு. அலாரம் கத்தும், உங்களுக்குச் செய்தி வராது. ரவுட்டருக்கென்றே 12 வோல்ட் மினி யுபிஎஸ் விற்கிறது, அதைப் போடுங்கள். உங்கள் போனிலும் அந்த ஆப்புக்குப் பேட்டரி சேமிப்பை விலக்கி, நோட்டிஃபிகேஷனை 'சைலன்ட்' மீறி வர வையுங்கள்.

ஒரு அபிப்பிராயம். திருச்சியில் இருக்கும் உங்களுக்குத் தெரிவதைவிட, தூங்கும் அம்மாவுக்குக் கேட்பதுதான் முக்கியம். அதற்கு வைஃபை வேண்டாம். ஒன்றோடொன்று நேரே பேசிக்கொள்ளும் வகை கிடைக்கிறது: சமையற்கட்டில் இருப்பது கத்தினால் படுக்கையறையில் இருப்பதும் சேர்ந்து கத்தும். ரவுட்டர், இன்டர்நெட், கரண்ட் எதுவும் தேவையில்லை. தாழ்ந்த அலைவரிசை என்பதால் சுவரையும் ஓரளவு தாண்டும். இங்கே உரிமம் இல்லாமல் பயன்படுத்தக்கூடியவை 433 மெகாஹெர்ட்ஸ் பக்கமும் 865 முதல் 868 வரையும். அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர்கள் கொண்டுவருவதில் 915-ல் இயங்குவதும் உண்டு, அது இங்கே உரிமமில்லாப் பட்டை இல்லை. பெட்டியைப் பார்த்து வாங்குங்கள்.

குடந்தை அக்கா:

தம்பி, சமையற்கட்டில் புகை அலாரத்தை மாட்டிவிடாதீர்கள்! தாளிப்புக்கு ஒரு தடவை, அப்பளத்துக்கு ஒரு தடவை என்று கத்தி, கடைசியில் யாராவது பேட்டரியைப் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். எங்கள் வீட்டில் அங்கே வெப்ப அலாரம்தான். புகையைப் பார்க்காது, 57, 58 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு ஏறினால்தான் கத்தும். புகை அலாரம் அடுப்பிலிருந்து பத்தடியாவது தள்ளி இருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை சாம்பிராணிக்கு என்ன செய்வது என்று அடுத்துக் கேட்பீர்கள். பட்டனை ஒரு அழுத்து அழுத்தினால் பத்து நிமிஷம் போல அடங்கி இருக்கும், பிறகு தானே முழித்துக்கொள்ளும். பிளாஸ்டிக் உறை கட்டி வைக்கிற பழக்கம் மட்டும் வேண்டாம். கட்டுகிறவர் ஒருவர், அவிழ்க்க வேண்டியவர் இன்னொருவர் என்றாகிவிடும். வெள்ளையடிக்கும்போது கழற்றி வைத்தால் போதும்.

இன்னொன்று. கேஸ் கசிந்தால் இது எதுவும் கத்தாது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு பரவும். அதற்குத் தனி அலாரம், தரைக்குக் கிட்டே மாட்டுவது. கசிவு என்று தெரிந்தால் சுவிட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவைத் திறந்துவிட்டு வெளியே வந்து கேஸ் கசிவு உதவி எண் 1906-க்கு அடிக்கச் சொல்லுங்கள் அம்மாவை.

பாமணியாற்றங்கரை:

எல்லோருக்கும் நன்றி. அம்மாவின் அறைக்கு மாற்றிவிட்டேன், அதன்பிறகு வெளியே பனி கொட்டிய நாளிலும் கத்தவில்லை. சார் சொன்னது அப்படியே சரி. கழற்றும்போது பார்த்தேன், வலைக்கண்ணில் ஈரம் காய்ந்த தடம் வெள்ளை வெள்ளையாக இருந்தது, ஓரத்தில் ஒரு நூலாம்படையும் இருந்தது. நோட்டிஃபிகேஷனும் இப்போது ஒழுங்காக வருகிறது. அந்த அறைக்கு சிக்னல் எட்டுகிறது.

சமையற்கட்டுக்கு வெப்ப அலாரம், கூடத்துக்குப் புகை அலாரம், அம்மா அறைக்கு இன்னொன்று என்று ஒன்றோடொன்று பேசும் வகையில் மூன்று வாங்கப்போகிறேன். இரண்டு சந்தேகம் பாக்கி. ஊதுபத்திக்கு ஏன் அசையவில்லை, அப்படியானால் எப்படித்தான் சோதிப்பது? கொல்லையில் மாட்டுக் கொட்டகை இருக்கிறது, கீற்றுக்கூரை, பக்கத்திலேயே வைக்கோல் போர். அங்கேயும் ஒன்று மாட்டலாமா?

தஞ்சை வயர்மேன்:

ஊதுபத்திப் புகை ஒரு நூல் மாதிரி போகும். ஃபேன் காற்றில் கலைந்துவிட்டால் அலாரத்தின் கறுப்பு அறைக்குள் போவதே கொஞ்சம். அதை வைத்துப் பாஸ், ஃபெயில் போட முடியாது. ஊதுபத்தி, கற்பூரம், கொளுத்திய துணி எதையும் அடியில் பிடிக்காதீர்கள். தீ நாக்கு பட்டால் பிளாஸ்டிக் போகும், எண்ணெய்ப் பிசுக்கு உள்ளே படிந்தால் சென்சார் கெடும்.

டெஸ்ட் பட்டன் சொல்வது பேட்டரியும் சர்க்யூட்டும் சைரனும் உயிரோடு இருப்பதை. சில மாடல்களில் உள்ளே புகை வந்த மாதிரி ஒரு போலி சிக்னலும் கொடுத்துப் பார்க்கும். மாதம் ஒரு தடவை அழுத்துங்கள், போய் வருகிற வாரக்கடைசியில் ஒன்றை ஒதுக்கிக்கொள்ளலாம். ஆனால் வலைக்கண் அடைத்திருந்தாலும் பட்டன் 'நன்றாக இருக்கிறேன்' என்றே சொல்லும். புகை உள்ளே போகிறதா என்று பார்க்க டெஸ்ட் ஸ்ப்ரே விற்கிறது. டப்பாவில் போட்ட தூரத்தில் நின்று ஒரு நொடி அடித்தால் போதும், நெருங்கிப் போய்க் குளிப்பாட்ட வேண்டாம். கொசு மருந்து ஸ்ப்ரேயை அதற்கு மாற்றாக அடிக்கவே கூடாது. சுத்தம் செய்வது வெளிப்பக்கம் மட்டும்: மென்மையான பிரஷ், அல்லது வேக்யூமின் பிரஷ் முனை. தண்ணீர் கூடாது.

மூன்றும் வந்ததும் மாட்டுவதற்கு முன் மேசைமேல் வைத்து ஒன்றோடொன்று இணைத்துவிடுங்கள். மாட்டிய பிறகு சமையற்கட்டில் இருப்பதை அழுத்திவிட்டு, கதவைச் சாத்திய படுக்கையறையில் இருப்பது கத்துகிறதா என்று பாருங்கள். ஒன்று அழுத்தி இரண்டு கத்தினது போதும் என்று விடாதீர்கள். மூன்றையும் மாற்றி மாற்றி அழுத்த வேண்டும்.

கொட்டகைக்கு இது ஆகாது. தூசியும் சாணி ஆவியும் கொசுப்புகையும் சேர்ந்து நாள் முழுக்கக் கத்த வைக்கும். இரவுப் பனியும் உண்டு. கீற்று எவ்வளவு வேகத்தில் பிடிக்கும் என்று நம் பக்கத்தாருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, 2004 ஜூலையில் கும்பகோணத்தில் 94 பிள்ளைகளைப் பறிகொடுத்திருக்கிறோம். அங்கே செலவழிக்க வேண்டியது வயரிங்கில். கீற்றுக்குள் சொருகிய ஒயர், டேப் சுற்றிய ஜாயிண்ட், தொங்கும் ஹோல்டர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு பைப்பில் இழுத்து, மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபி போடுங்கள். வைக்கோல் போரைக் கூரையிலிருந்து தள்ளி மாற்றிப் போடுங்கள். ஒரு குழாயும் ஹோஸும் எட்டுகிற தூரத்தில் இருக்கட்டும்.

குடந்தை அக்கா:

அம்மாவுக்குப் பட்டனைக் குத்தி நிறுத்தப் பழக்கம் ஆகிவிட்டது என்றீர்களே, அதை முதலில் மாற்றுங்கள். கத்தினால் முதலில் வாசலுக்கு வர வேண்டும், பிறகுதான் புகையா சாம்பிராணியா என்ற ஆராய்ச்சி. தீயணைப்புக்கு 101, அவசர உதவிக்கு 112 இரண்டையும் கைபேசியில் பெரிய எழுத்தில் போட்டுக் கொடுங்கள். பக்கத்து வீட்டிலும் ஒரு சாவி இருக்கட்டும், இராத்திரி உள்தாழ்ப்பாள் போட்டால் சாவி பயன்படாது என்பதையும் அம்மாவிடம் பேசிவிடுங்கள்.

சிக்னல் பிரியன்:

கழற்றிய அலாரத்தின் பின்பக்கம் தயாரித்த தேதி அச்சிட்டிருக்கும். வீட்டு வகைக்கு ஆயுள் பொதுவாகப் பத்து வருஷம். புதியது மூன்றையும் மாட்டும்போது மாற்ற வேண்டிய வருஷத்தை மார்க்கரில் ஓரத்திலேயே எழுதிவிடுங்கள், ஏணி போட்டு ஏறாமல் கீழிருந்தே தெரிகிற அளவில்.