ஸ்ஃபீனிக் எண்: ‘முப்பகா’வா, ‘ஆப்பு’வா?

குழுவினருக்கு வணக்கம். மூன்று வெவ்வேறு பகா எண்களைப் பெருக்கி வரும் எண்ணை ஆங்கிலத்தில் ஸ்ஃபீனிக் எண் (sphenic number) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ப் பெயர் தேடும் நம் உரையாடலுக்கு என் பதில் இது.

> ‘முப்பகா எண்’ என்று வைத்துவிடலாம். மூன்று பகா எண்களின் பெருக்கல்தானே?

ஐயா, அந்தத் ‘தானே’யில்தான் சிக்கல். 12-உம் மூன்று பகா எண்களின் பெருக்கல்தான்: 2×2×3. ஆனால் அது ஸ்ஃபீனிக் இல்லை. மூன்றும் வெவ்வேறாக இருக்க வேண்டும். 30 (2×3×5) தொடக்கம். பிறகு 42, 66, 70. போதாததற்கு 5, 7, 11 போல நெருங்கி வரும் பகா எண் மும்மைகள் வேறு இருக்கின்றன. ‘முப்பகா’ என்றதும் எனக்கு அவைதான் நினைவுக்கு வருகின்றன.

நேற்று ஆயிரம் கோடியே ஒன்றை (10,00,00,00,001) தாளில் பிரித்துப் பார்த்தேன். நூறை ஐந்து முறை பெருக்கி ஒன்று கூட்டியது என்பதால் 101 உடனே சிக்கியது. மிச்சம் 9,90,09,901. அதை உடைக்கத்தான் காபி ஆறிப்போனது: 3541 × 27961, இரண்டும் பகா எண்கள். இவ்வளவு பெரிய எண்ணுக்குக் காரணிகள் எட்டே எட்டு! 1, அந்த மூன்று, இரண்டிரண்டாகப் பெருக்கி வரும் மூன்று, கடைசியில் அந்த எண்ணே. 30-க்கும் அதே எட்டுதான். 12-க்கோ ஆறு, ஏனென்றால் அங்கே 2 இருமுறை வருகிறது. ஆகவே பெயரில் ‘வேறு’ இருந்தே தீர வேண்டும்.

> ‘ஸ்ஃபீனிக்’கின் மூலச் சொல்லுக்குக் கிரேக்கத்தில் ‘ஆப்பு’ என்று பொருள். ‘ஆப்பு எண்’ எனலாமே?

அம்மா, வகுப்பில் சிரிப்பு அடங்கவே ஒரு பாடவேளை போய்விடும். அதே வேர்ச்சொல் கொண்ட மண்டையோட்டு எலும்பை ‘ஆப்புரு எலும்பு’ என்கிறோம். அங்கே வடிவம் கண்ணுக்குத் தெரிகிறது. எண்ணில் எந்தப் பக்கம் ஆப்பு?

ஆனால் ‘ஆப்பு எண்’ணில் ஒரு வசதியை ஒப்புக்கொள்கிறேன்: அதில் ‘பகா’ இல்லை. இலங்கைப் பாடநூல்களில் பகா எண்ணுக்கு ‘முதன்மை எண்’ என்றுதான் பெயர். ‘பகா’வை வைத்துக் கட்டினால் அங்கே இன்னொரு சொல் தேட வேண்டிவரும்.

என் பரிந்துரை: மூவேறெண். வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள்: “1309, 1310, 1311 அடுத்தடுத்த மூவேறெண்கள். நான்கு மூவேறெண்கள் அடுத்தடுத்து வரவே முடியாது. நான்கில் ஒன்று 4-ஆல் வகுபட்டுவிடும்.” இடறவில்லையே?

அன்புடன்.

---

> மூவேறெண்

4×6×10-உம் மூன்று வேறு எண்கள்தானே? 240-ஐயும் சேர்த்துக்கொள்வீர்களா?

---

240-ஐப் பகாக் காரணியாக்கினால் 2 நான்கு முறை வரும், வெளியே போய்விடும். நீங்கள் கேட்பது நியாயம், பெயர் அதைச் சொல்லவில்லை. வரையறையில் ஒரு வரி சேர்ப்போம். ‘பகு எண்’ணும் எதால் பகும் என்று பெயரிலேயே சொல்வதில்லை, பழகிவிட்டோம்.

இரண்டு வெவ்வேறு பகா எண்களைப் பெருக்கி வரும் 6, 10, 15 போன்றவற்றுக்கு ‘ஈர்வேறெண்’ என்று எழுதிப் பார்த்தேன், நாக்கு மறுக்கிறது. ‘இருவேறெண்’ என்றே குறித்துக்கொள்கிறேன்.